அளவறிந்து பாராட்டிய ஆசான்: குயின்ரிலியன்

கல்லூரி விழா மலரைக் கையில் எடுக்கும் பழைய மாணவர் எவருக்கும் தம் ஆசிரியர் ஒருவர் நினைவில் எழுவது இயல்பு. அவர் கற்பித்த பாடம் மறந்திருக்கலாம். கரும்பலகையில் எழுதிய கணக்கும் மறந்திருக்கலாம். ஆயினும், ஒருநாள் கட்டுரை ஏட்டைத் திருப்பித் தருகையில், ஒரு வாக்கியத்தை விரலாற் சுட்டி, இதனை நன்கு அமைத்திருக்கிறாய் என்று அவர் கூறிய சொல் ஆண்டுகள் பல கழிந்தும் மறப்பதில்லை. கெட்டிக்காரன் என்றும் நல்ல பிள்ளை என்றும் பொதுப்படக் கேட்ட புகழ்ச்சிகள் காற்றோடு போயின. செய்த செயலைச் சுட்டிய பாராட்டே நெஞ்சில் நின்றது.

மாணவனைப் புகழ்வது வேறு, அவன் செய்த நற்செயலைக் குறித்துப் பாராட்டுவது வேறு என்று இக்காலக் கல்வியாளர் வற்புறுத்துகின்றனர். முன்னது அவனை மகிழ்விக்கும். பின்னது அவனைத் திருத்தவும் செய்யும். எச்செயலாற் பாராட்டுப் பெற்றோம் என்பதை அறிந்த மாணவன் அச்செயலை மறுநாளுஞ் செய்ய முற்படுவான். இவ்வுண்மையை ஏறக்குறைய 1900 ஆண்டுகளுக்கு முன்னரே உணர்ந்து, பிரம்பாட்சி நிலவிய ஒரு நகரத்தில் அதன்படி வகுப்பு நடத்திய பேராசான் ஒருவர் இருந்தார். மார்க்கஸ் பேபியஸ் குயின்ரிலியன் என்பது அவர் பெயர். அவருடைய வாழ்க்கை ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஒருங்கே பயன்தருவது. அதிற் பின்பற்றத்தக்க பகுதியும் உண்டு. எச்சரிக்கையாகக் கொள்ளத்தக்க பகுதியும் உண்டு.

குயின்ரிலியன் கி.பி. 35 ஆம் ஆண்டளவில் ஸ்பெயின் நாட்டிலே கலகுறிஸ் என்னும் ஊரிற் பிறந்தார். அந்நாடு அக்காலத்தில் உரோமப் பேரரசின் ஒரு பகுதி. இளமையிலேயே உரோமாபுரிக்குச் சென்று கல்வி பயின்றார். அங்கே நீதிமன்றங்களிற் பெயர்பெற்று விளங்கிய தொமிசியஸ் ஆபர் என்னும் முதிய வழக்குரைஞரை அடுத்து, அவர் பேசும் முறையைக் கண்டும் கேட்டும் சொல்வன்மை பெற்றார். ஆபர் 59 ஆம் ஆண்டிற் காலமானார். அவர் தம் ஆற்றல் தளர்ந்த பின்னரும் மன்றேறிப் பேசியதையும், அப்போது சிலர் நகைத்ததையும் சிலர் நாணியதையும் இளைஞராகிய குயின்ரிலியன் கண்டார். மக்கள் விரும்பும் போதே விலகிவிட வேண்டும் என்னும் பாடத்தை அவர் அங்கே கற்றார். பின்னாளில் அதன்படியே ஒழுகினார்.

பின்னர்த் தாயகம் சென்றிருந்த அவர், 68 ஆம் ஆண்டில் கல்பா என்பவர் பேரரசராக உரோமாபுரிக்கு வந்தபோது அவருடன் மீண்டார். கல்பாவின் ஆட்சி சில மாதங்களில் முடிந்தது. ஓராண்டுக்குள் அரசர் பலர் எழுந்து வீழ்ந்தனர். குழப்பம் அடங்கி வெஸ்பாசியன் அரியணை ஏறியபின், சொற்கலை கற்பிக்கும் ஆசிரியர்க்கு அரச பண்டாரத்திலிருந்து ஆண்டுக்கு 1,00,000 செஸ்ரேஸ் நாணயம் ஊதியமாக வழங்கும் முறை ஏற்பட்டது. அவ்வூதியம் பெற்று அந்நகரிற் பொதுப் பாடசாலை நடத்திய முதல் ஆசான் என்று குயின்ரிலியன் பெயர் பெற்றார். இருபது ஆண்டுகள் அவர் கற்பித்தார். கடிதங்களாற் புகழ்பெற்ற இளைய பிளினி அவருடைய மாணவருள் ஒருவர்.

அக்கால உரோமாபுரியின் வகுப்பறை எத்தகையது என்பதை அறிந்தாலன்றி அவருடைய பெருமை விளங்காது. பொழுது புலருமுன் விளக்கொளியிற் பாடம் தொடங்கும். பாடத்தோடு அடியுந் தொடங்கும். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் ஓர்பிலியஸ் என்னும் ஆசிரியர் இருந்தார். அவரிடம் பயின்ற ஹொறேஸ் பெருங் கவிஞராய் உயர்ந்த பின்னும் அவருடைய அடியையே நினைவுகூர்ந்து எழுதினார். ஓர்பிலியஸ் இலக்கணத்திற் பெரும்புலமை உடையவர். எனினும் உலகம் அவரை இன்றும் அறிவது அடிக்கும் ஆசிரியராகவே. ஆசிரியர் அடிப்பதும் மாணவர் அடிபடுவதும் இயற்கை என்று எல்லாரும் கருதிய காலம் அது. கிறீசிப்பஸ் போன்ற தத்துவ அறிஞருங்கூட அதனை மறுத்தாரல்லர்.

குயின்ரிலியன் மறுத்தார். வழக்கம் இதுவென்பதையும், அறிஞர் உடன்பட்டனர் என்பதையும் தாமே ஒப்புக்கொண்டு, தாம் அதனை விரும்பாமைக்குக் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். அடித்தல் அடிமைகளுக்குரிய இழிந்த தண்டனை. வளர்ந்த ஒருவனுக்கு அதனைச் செய்தால் அவமதிப்பென்று யாவரும் கொள்வர். சொல்லால் திருந்தாத அளவுக்குக் கடினமான உள்ளம் உடையவன், கெட்ட அடிமையைப் போல அடிக்கும் பழகிப் போவான். அருகிருந்து கண்காணித்து வேலை வாங்குபவர் இருந்தால் அடிக்கே இடமில்லை. ஆதலின் மாணவன் பெறும் அடிகளுட் பல கண்காணிப்போரின் கவலையீனத்துக்கு விழுந்தவை. மேலும், சிறுவனை அடித்தே நடத்தியவர், அவ்வச்சம் செல்லுபடியாகாத வயதை அவன் அடைந்து, கற்க வேண்டியனவும் கடினமாகும்போது என்ன செய்வார்? அடிபட்ட பிள்ளை நாணத்தால் ஒடுங்கி, வெளிச்சத்தைக் காணவும் கூசி நிற்கும் நிலையையும் அவர் இரக்கத்தோடு குறித்துள்ளார்.

பிரம்பை விலக்கியவர் அதனிடத்தில் எதனை வைத்தார்? பாராட்டை வைத்தார். ஆனால் அளவிறந்த பாராட்டையன்று. மாணவர் தம் பயிற்சியைப் படித்துக் காட்டும்போது ஆசிரியர் கஞ்சத்தனமாகவும் பாராட்டலாகாது, வாரி வழங்கவுங் கூடாது என்பது அவருடைய கொள்கை. முன்னதால் முயற்சியில் வெறுப்பு உண்டாகும். பின்னதால் இது போதும் என்னும் மெத்தனம் உண்டாகும். திருத்தும்போதும் கடுஞ்சொல்லும் வசைமொழியும் ஆகா. பகைவனைக் கடிவதுபோலத் தம்மைக் கடியும் ஆசிரியரைக் கண்டு படிப்பையே விட்டோடிய மாணவர் பலர் என்று அவர் எச்சரித்தார். ஆசிரியர் மாணவரிடத்துத் தந்தையின் மனநிலையைக் கொள்ள வேண்டும். அவருடைய கண்டிப்பிற் கடுமையும், அன்பில் தளர்ச்சியும் இருத்தலாகாது. நல்லன பற்றி அடிக்கடி பேசும் ஆசிரியர் தண்டிக்க வேண்டிய தேவை குறையும் என்பது அவருடைய அனுபவம்.

மாணவர் எழுதிய கட்டுரைகளை அவர் திருத்திய முறை இன்றும் ஏட்டுக்கட்டைச் சுமந்து வீடு செல்லும் ஆசிரியர்க்கு வழிகாட்டியாகும். சிலவற்றைப் பாராட்டுவார், சிலவற்றைப் பொறுத்துக்கொள்வார், சிலவற்றை மாற்றுவார். மாற்றும்போது மாற்றுவதற்குக் காரணமுங் கூறுவார். வேண்டிய இடத்தில் தாமே சிறிது எழுதிச் சேர்ப்பார். ஏட்டின் அடியில் நன்று என்று மட்டும் எழுதும் முறைக்கும் இதற்கும் உள்ள தொலைவைக் கருதுக. இம்முறையில், எப்பகுதி நன்றாய் அமைந்தது, எப்பகுதி குறையுடையது, குறை ஏன் குறையாயிற்று என்பன யாவும் மாணவனுக்குத் தெரிகின்றன. தன் ஏட்டை ஆசிரியர் வரிவரியாகப் படித்தார் என்பதும் தெரிகின்றது. படியாமற் புகழும் ஆசிரியரை மாணவர் எளிதிற் கண்டுகொள்வர்.

இளமைத் துடிப்பால் அளவு கடந்து அலங்காரமாய் எழுதும் மாணவரை அவர் நடத்திய விதம் தனிச்சிறப்புடையது. அத்தகைய எழுத்தை இப்போது தாம் பாராட்டுவதாகவும், இவ்வாறு எழுத இடங்கொடாத காலம் ஒன்று வரும் எனவும் அவர்களிடம் கூறுவார். இதனால் மாணவர் தம் ஆற்றலை எண்ணி மகிழ்ந்தனர். அதேவேளை தம் எழுத்தின் தரம் பற்றி ஏமாறவும் இல்லை. பாராட்டும் உண்மையும் ஒன்றோடொன்று மோதாமல் ஒரே சொல்லில் நின்றன. இளம் பயிர் தழைத்து வளர்தல் நன்று, களைதல் பின்னர் ஆகும், வறண்டு போனதற்கு மருந்தில்லை என்பதே அவருடைய கருத்து.

மனமுடைந்த மாணவனைத் தேற்றுவதற்கு அவர் தம் நண்பர் ஒருவருடைய கதையைச் சொல்வதுண்டு. ஜூலியஸ் செக்கண்டஸ் என்னும் அந்நண்பர் மாணவராயிருந்த காலத்தில், கொடுத்த தலைப்புக்கு முகவுரை அமையாமல் மூன்று நாள் துன்புற்றார். முகவாட்டத்தின் காரணத்தை அறிந்த அவருடைய உறவினரும் பேச்சாளருமாகிய புளோறஸ், உன்னால் இயன்றதினும் சிறப்பாகப் பேச விரும்புகின்றாயோ என்று புன்முறுவலோடு வினவினார். இயன்றவரை முயல வேண்டும். ஆயினும் தன்னைத் தானே நொந்துகொள்வதால் முன்னேற்றம் வாராது என்று இக்கதையால் குயின்ரிலியன் விளக்கினார்.

வகுப்பின் ஒழுங்கிலும் அவர் கருத்தூன்றினார். ஒரு மாணவன் படித்து முடித்ததும் ஏனையோர் துள்ளியெழுந்து ஆரவாரித்துப் புகழ்வது அக்காலச் சொற்கலைப் பள்ளிகளில் வழக்கம். இன்று நான் உனக்கு ஆரவாரித்தால் நாளை நீ எனக்கு ஆரவாரிப்பாய் என்னும் கொடுக்கல் வாங்கலாகவே அது முடிந்தது. குயின்ரிலியன் இதனைக் கண்டித்தார். எல்லாருக்கும் எப்போதுங் கிடைக்கும் புகழ் மலிந்த சரக்காகிவிடும். முயற்சிக்கு அது கூலியாகாது. மாணவர் தம் இருக்கையில் அடக்கமாய் இருந்து, பேசுபவனைப் போலவே தாமும் ஆசிரியரின் முகத்தை நோக்க வேண்டும். எது நன்று, எது அன்று என்பதை அவருடைய தீர்ப்பால் அறிய வேண்டும். ஆசிரியர் ஒருவனை இன்னதற்காகப் பாராட்டும்போது வகுப்பு முழுவதும் அதனாற் பாடம் பெறுகின்றது என்பதே இதன் உட்கருத்து.

தாம் சிறுவராயிருந்தபோது தம் ஆசிரியர் கையாண்ட ஒரு முறையையும் அவர் நன்றியோடு குறித்தார். மாணவரை வகுப்பு வகுப்பாகப் பிரித்து, திறமைக்கேற்ப முன்பின்னாகப் பேசும் வரிசை அளிக்கப்பட்டது. முப்பது நாளுக்கு ஒருமுறை அவ்வரிசை மீண்டும் போட்டிக்கு வரும். முதலிடம் பெற்றவன் சோம்பியிருக்க இயலாது. பின்தங்கியவனும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. ஆசிரியரின் அறிவுரை, பெற்றோரின் ஆசை முதலிய எல்லாவற்றினும் இதுவே தம்மை அதிகம் தூண்டியது என்று அவர் கூறியுள்ளார். இம்முறை கடைசி இடத்திலேயே இருக்கும் பிள்ளையை வாட்டக்கூடும் என்பது இக்கால ஆசிரியர் பலரின் எண்ணம். அவ்வெண்ணம் நியாயமானதே. குயின்ரிலியனும் எல்லாப் பிள்ளைகளும் ஒரே தன்மையர் என்று கருதினாரல்லர். சிலர் வற்புறுத்தாவிடிற் சோம்புவர், சிலர் கட்டளையை வெறுப்பர், சிலரை அச்சம் அடக்கும், சிலரை அச்சம் ஒடித்துவிடும் என்று வேறுபாடு கண்டவர் அவர். வாய் குறுகிய குடத்தில் நீரை ஒருமிக்க ஊற்றினால் வெளியே வழிந்துவிடும், சிறுகச் சிறுக வார்த்தால் நிரம்பும் என்பதும் அவர் காட்டிய உவமை. பாராட்டினாற் கிளர்ச்சியுற்று, தோல்வியுற்றாற் கண்ணீர் விடும் மாணவனே அவர் விரும்பிய மாணவன்.

எழுத்தறியத் தொடங்கும் குழந்தைக்கும் அவர் வழி கூறினார். யானைத் தந்தத்தாற் செய்த எழுத்துருவங்களை விளையாடக் கொடுத்தல் வேண்டும் என்றார். கல்வி விளையாட்டாய் இருத்தல் வேண்டும். குழந்தையைக் கேள்வி கேட்டு, விடை சொன்னாற் பாராட்டி, தான் செய்ததை எண்ணி அது மகிழுமாறு செய்ய வேண்டும் என்றார். இன்னும் விரும்பக் கற்றிராத கல்வியை வெறுக்கக் கற்றுவிடலாகாது என்பதே அவருடைய பெருங் கவலை.

இருபது ஆண்டுத் தொண்டின் பின், ஆபரின் முதுமையை மறவாத குயின்ரிலியன், தம்மை யாவரும் விரும்பிய காலத்திலேயே ஓய்வு பெற்றார். அவருடைய விரிவுரைகளை மாணவர் குறித்தெழுதியவை அவர் அனுமதியின்றியே இரண்டு நூல்களாக உலாவின. அன்பினாற் செய்த பிழையென்று அதனை அவர் பொறுத்துக்கொண்டார். பின்னர் நண்பர் வேண்டுகோளுக்கு இசைந்து, நாவலர் பயிற்சி என்று பொருள்படும் இலத்தீன் தலைப்பிற் பன்னிரண்டு பகுதிகள் கொண்ட பெருநூலை இரண்டாண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் எழுதி முடித்தார். இந்நூல் நண்பர் விக்ரோரியஸ் மார்செலஸ் என்பவரின் மைந்தனுக்கும், தம் சொந்த மைந்தனுக்கும் பயன்பட வேண்டும் என்பது அவருடைய விருப்பம்.

அவ்விருப்பம் நிறைவேறவில்லை. அவருடைய இளம் மனைவி பத்தொன்பது வயது நிரம்புமுன்னரே இரு ஆண் மக்களை விட்டு இறந்திருந்தார். இளைய மகன் ஐந்து வயதில் மறைந்தான். எஞ்சிய மூத்த மகன் பத்தாம் வயதிற் காலடி வைத்தவன். கல்வியில் ஆர்வமும் இனிய குரலும் உடையவன். எட்டு மாதம் நோயுற்று, வைத்தியரும் வியக்கும் பொறுமையோடு கிடந்து அவனும் இறந்தான். நூலின் ஆறாம் பகுதிக்கு எழுதிய முகவுரையிலே தந்தை இத்துயரை எழுதியுள்ளார். இறுதி வேளையில் நினைவு தடுமாறிப் பிதற்றியபோதும் அப்பிள்ளையின் எண்ணம் பள்ளிக்கூடத்தையும் படிப்பையுமே சுற்றிச் சுழன்றது என்று அவர் எழுதியிருப்பதைப் படிக்கும்போது கண் கலங்காதார் யார்? அடிக்கு அஞ்சி வளர்ந்த பிள்ளைக்கு அவ்வேளையிற் பள்ளிக்கூடம் அச்சத்தையே தந்திருக்கும். இப்பிள்ளைக்கு அது விருப்பமான இடமாய் இருந்தது. துயரின் நடுவிலும் தந்தை எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. தம் மகனுக்கென எண்ணியதைப் பிறர் மக்களுக்காக முடித்தார்.

அவருடைய வாழ்வில் ஒரு மறுவும் உண்டு. அதனை மறைத்தால் அவரிடமிருந்து கற்கவேண்டிய பாடம் குறைவுபடும். அக்காலத்திற் பேரரசனாயிருந்தவன் தொமிசியன். பலரைக் கொன்று, தத்துவ அறிஞரை நகரை விட்டுத் துரத்திய கொடுங்கோலன். தன் தமக்கையின் பேரப்பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பொறுப்பை அவன் குயின்ரிலியனிடம் ஒப்படைத்தான். அப்பிள்ளைகளின் தந்தையாகிய பிளேவியஸ் கிளெமென்ஸ் வாயிலாக அவருக்கு உயர்ந்த அரச விருதும் கிடைத்தது. அந்நிலையில் அவர் தம் நூலிற் பேரரசனைத் தெய்வமென விளித்தார். ஆளும் பணி குறுக்கிடாவிட்டாற் கவிஞருள் முதல்வனாய் இருந்திருப்பான் என்னும் பொருள்படப் புகழ்ந்தார். 95 ஆம் ஆண்டிற் கிளெமென்ஸும் அதே பேரரசனின் ஆணையாற் கொல்லப்பட்டார். மறுவருடம் பேரரசனும் தன் அரண்மனையிலேயே குத்துண்டு இறந்தான்.

சிறுவனின் கட்டுரையிற் பாராட்டத்தக்கது இது, மாற்றத்தக்கது இது என்று வரிவரியாகத் தேர்ந்தவர், அரசன் முன்னிலையில் அவ்வளவுகோலைக் கைவிட்டார். அஞ்சத்தக்க காலம் அது என்பது மெய்யே. எனினும் பாராட்டுக்கும் முகமனுக்கும் உள்ள வேறுபாட்டை அவருடைய வாழ்க்கையே நமக்குக் காட்டிவிடுகின்றது. பாராட்டு ஒருவன் செய்த செயலைப் பார்க்கின்றது. முகமன் அவனுடைய பதவியைப் பார்க்கின்றது. முன்னதாற் கேட்பவன் வளர்வான்; பின்னதாற் சொல்பவனும் கேட்பவனும் ஒருங்கே தாழ்வர். செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு சொல்லும் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு வேறொரு சொல்லும் வழங்கும் ஆசிரியர் எக்காலத்திலும் இவ்விடத்தை இருமுறை படிக்க வேண்டும்.

முதலாம் நூற்றாண்டு முடியுங் காலத்தில் குயின்ரிலியன் மறைந்தார். பேரரசு வீழ்ந்த பின்னர் அவருடைய நூல் குறையுற்ற படிகளாகவே ஐரோப்பாவிற் பெரும்பாலும் உலாவியது. 1416 ஆம் ஆண்டில் பொஜ்ஜியோ என்னும் இத்தாலிய அறிஞர், சுவிற்சர்லாந்திலுள்ள சென்ற் கோல் மடத்திலே, கோபுரத்தின் அடியிலிருந்த இருண்ட அறையில், தூசியும் பூஞ்சணமும் படிந்து கிடந்த முழுப்படியைக் கண்டெடுத்துத் தம் கையாற் படியெடுத்தார். அதன்பின் நல்லாசிரியர் பலர் அந்நூலைக் கைவிளக்காகக் கொண்டனர். 1423 ஆம் ஆண்டில் மாந்துவா நகரில் விற்றோரினோ என்பவர் தொடங்கி, இன்ப இல்லம் என்று பெயர் வழங்கிய பாடசாலை அவ்வொளியில் நடந்தது. அங்கே அரசிளங் குமரரும் ஏழைச் சிறுவரும் ஒருங்கிருந்து கற்றனர்.

பிரம்பு தந்த தழும்பு ஆறிவிடும். அது கற்பித்த பாடம் எதுவென்று பலருக்கு நினைவிராது. உன் விடையில் இவ்வடி சரியாக வந்தது என்றோ, இன்று பின்வாங்கில் இருந்தவனுக்கு நீ இடங்கொடுத்தாய், அதனைக் கண்டேன் என்றோ ஓர் ஆசிரியர் கூறும் சொல்லுக்குப் பொருட்செலவில்லை. பொழுதும் அதிகம் வேண்டியதில்லை. வேண்டியது, மாணவன் செய்வதைக் கண் திறந்து நோக்குதல் ஒன்றே. நாளொன்றுக்கு ஒரு மாணவனையேனும் அவ்வாறு நோக்கி ஒரு சொல் கூறுதல் எம்போன்ற ஆசிரியர்க்குக் கடன். அச்சொல்லை மெய்யாக்கும்படி நடத்தல் மாணவர்க்குக் கடன். அத்தகைய சொல்லைத் தம் நாளிற் கேட்ட பழைய மாணவர், அதனைச் சொன்ன ஆசிரியர் உயிரோடிருப்பின் இவ்விழாக் காலத்தில் ஒருமுறை சென்று கண்டு, இன்ன சொல்லால் நான் இன்னவாறு ஆயினேன் என்று அவருக்குச் சொல்வாராக. ஆசிரியர்க்கும் பாராட்டு வேண்டும். அதுவும் செயலைச் சுட்டியதாகவே இருக்கட்டும்.